வாவியிலும் வயலிலும் ஏட்டிலும் நடக்கும் ஆராய்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கிலங்கையில் களுவாஞ்சிகுடிக்கும் கல்முனைக்கும் இடையில் ஒரு சின்ன நூலகத்தில் பல வருடமாக வேலை செய்கிறேன். உயர்தரப் பிள்ளைகள், பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதுகிறவர்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் தாய்மார், காலையில் பேப்பர் பார்க்க வரும் மீன்காரர்கள் என்று எல்லாரும் ஆராய்ச்சியைப் பற்றி ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாயில் வந்தபடியே கேள்விகளைக் கொப்பியில் எழுதி வைத்தேன். எனக்குத் தெரிந்த அளவில் பதில்கள் கீழே.

அக்கா, ஆராய்ச்சி எண்டா லாப்ல வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு செய்றதுதானே?

அதுவும் ஆராய்ச்சிதான். ஆனால் அது ஒரு வகை மட்டும். பதில் தெரியாத ஒரு கேள்வியை எடுத்து, அதற்குப் பொருத்தமான ஒரு வழியில் தேடி, தேடிய வழியை மற்றவர்கள் சரிபார்க்கும்படி திறந்து காட்டினால் அது ஆராய்ச்சி. இரசாயனம் படித்தவர் குழாயில் தேடுவார். விலங்கியல் படித்தவர் கண்டல் வேருக்கிடையில் சேற்றில் நின்று தேடுவார். தமிழ் படித்தவர் ஏட்டில் தேடுவார். சமூகவியல் படித்தவர் ஆட்களின் வீட்டுத் திண்ணையில் இருந்து தேடுவார்.

கேள்விதான் இடத்தைத் தீர்மானிக்கிறது. கோட்டுப் போடுகிறதா, சாரத்தை மடித்துக் கட்டுகிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

இங்க எங்க ஆராய்ச்சி நடக்குது? அதெல்லாம் கொழும்பிலயும் பேராதனையிலயும்தானே?

நம் வாசலிலேயே நடக்கிறது. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. கல்லடியில் அதன் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கியது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. நெல், வாவி, இஸ்லாமியக் கற்கைகள், கூத்து, தாதியியல், கணினி என்று இவ்வளவும் ஒரு பஸ் பயணத்தூரத்துக்குள் ஆராயப்படுகின்றன.

பத்துப் புத்தகம் வாசிச்சு அதைச் சுருக்கி எழுதினா அது ஆராய்ச்சியா?

இல்லை. அது நல்ல வாசிப்பு. முன்னால் யார் என்ன சொன்னார்கள் என்று பார்ப்பது எந்த ஆய்வுக்கும் முதல் படி. ஆனால் அந்தப் பத்துப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று உங்களிடமிருந்து வர வேண்டும். புதிய தரவாக இருக்கலாம், பழைய தரவுக்குப் புதிய விளக்கமாக இருக்கலாம், இரண்டு புத்தகங்களுக்கிடையில் யாரும் கவனிக்காத முரணாகவும் இருக்கலாம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இலக்கியத்திலும் மெய்யியலிலும் வாசிப்பதே ஆய்வுமுறை. ஒரு பாடலை ஐம்பது தடவை வாசித்து, ஒரு சொல் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று நிறுவுகிறவர் சுருக்கி எழுதவில்லை. அங்கே புத்தகம்தான் ஆய்வுகூடம்.

மீன் பாடுதா இல்லையா? இவ்வளவு காலமா ஏன் ஒரு முடிவு சொல்றாங்க இல்ல?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில், நிலாக்காலத்தில் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் காதை வைத்தால் ஓர் ஒலி கேட்கும் என்று இங்கு பிறந்த எல்லாரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இரவில் ஓடத்தில் போய்க் கேட்டார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈர விரலால் தேய்க்கும்போது வருவதுபோன்ற மெல்லிய ஒலிகள் என்று எழுதிவைத்தார். மீனில்லை, சிப்பி நத்தை வகைதான் காரணம் என்பது அவருடைய எண்ணம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லாங் அடிகளார் என்ற இயேசு சபைக் குருவானவர் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அந்த ஒலியைப் பதிவு செய்தார்.

இப்போது பாருங்கள். "மீன் பாடுதா" என்பது கேட்கிறபோது ஒரு கேள்விதான், உள்ளே நாலைந்து கேள்விகள் இருக்கின்றன. விலங்கியல் ஆள் எந்த உயிர் ஒலிக்கிறது என்று கேட்பார். சில மீன்கள் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து ஒலி எழுப்பும், சில எலும்பையோ பல்லையோ உரசி எழுப்பும் என்பது தெரிந்த விஷயம். நம் வாவியில் எது என்று சொல்ல, ஒலியையும் உயிரையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். பௌதிகவியல் ஆள் அதிர்வெண் என்ன, ஆழம் குறைந்த நீரில் ஒலி எப்படிப் பயணிக்கிறது, பாலத்தின் தூண்கள் அதற்கு என்ன செய்கின்றன என்று கேட்பார். நாட்டாரியல் ஆள் இந்தக் கதையை யார் யாருக்குச் சொன்னார்கள், ஏன் ஒரு மாவட்டமே "மீன் பாடும் தேன்நாடு" என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது என்று கேட்பார். வரலாற்று ஆள் டெனன்ட் எழுதியதை எடுத்து, அவருக்கு ஓடம் வலித்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள், அது ஏன் அரைகுறையாகப் பதிவானது என்று கேட்பார்.

முதல் இரண்டு கேள்விக்கும் கருவியும் பல இரவுகளும் வேண்டும். மோட்டர் வள்ளத்தின் சத்தம் கூடக் கூட அந்த வேலை கஷ்டமாகிறது. மூன்றாவதற்கு வயதானவர்கள் உயிரோடு இருக்க வேண்டும். இதில் எது அவசரம் என்று என்னைக் கேட்டால், மூன்றாவதைத்தான் சொல்வேன்.

என்ட மகள் தமிழில ஆராய்ச்சி செய்யப் போறாளாம். தமிழில ஆராய இனி என்ன மிச்சம் இருக்கு?

அம்மா, நீங்கள் வீட்டில் கதைக்கிற தமிழே இருக்கிறது. கமில் சுவலெபில் என்ற செக் நாட்டு அறிஞர், பேச்சுத் தமிழ் வகைகளில் இலக்கியத் தமிழுக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்புத் தமிழ் என்று சொன்னார். "மறுகா வாறன்" (பிறகு வருகிறேன்) என்று நீங்கள் சொல்லும்போது அந்த "மறுகா" எங்கிருந்து வந்தது, "என்னகா" என்பதில் உள்ள "கா" யாரை யாரோடு சேர்க்கிறது, முஸ்லிம் ஊர்ப் பேச்சும் தமிழ் ஊர்ப் பேச்சும் எந்தச் சொல்லில் ஒன்றாகி எந்தச் சொல்லில் பிரிகின்றன என்பதெல்லாம் மொழியியல் கேள்விகள். இவற்றோடு கண்ணகி வழக்குரை, கண்ணகி கோயில் சடங்கின் முடிவில் அம்மனைக் குளிர்விக்கும் குளுத்தியில் பாடும் பாடல், வயலின் நீரைப் பார்க்கும் வட்டவிதானையின் கணக்கு, மருத்துவிச்சியின் சொற்கள் என்று இன்னும் எவ்வளவோ கிடக்கின்றன. உங்கள் மகளுக்கு வேலை குறையாது.

விஞ்ஞானம் படிச்ச ஆள் கலைப் பக்கம் ஆராய்ச்சி செய்ய ஏலுமா?

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரைப் பாருங்கள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறியவர், இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியும் கூட. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழுக்கு முதற் பேராசிரியர் ஆனார். சிலப்பதிகாரத்தில் சொல்லப்படும் யாழ் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. பார்க்க ஒரு யாழ்கூட மிஞ்சவில்லை. பழைய உரைகளில் உள்ள சொற்களைக் கொண்டும், நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணித விகிதங்களைக் கொண்டும் அதை அவர் மீட்டெடுத்தார். ஏறத்தாழ 14 ஆண்டு உழைப்பு. யாழ் நூல் 1947இல் அரங்கேறியது. அதே ஆண்டு யூலையில் அவர் மறைந்தார்.

அந்த வேலையைத் தமிழ் மட்டும் தெரிந்தவர் செய்திருக்க முடியாது, பௌதிகம் மட்டும் தெரிந்தவரும் செய்திருக்க முடியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. உயர்தரத்தில் பிள்ளைகளைப் பிரிவு பிரிவாக வைக்கிறோம், அது பரீட்சைக்கு. கேள்விக்கு அந்தச் சுவர் கிடையாது.

கணிதத்தில என்ன ஆராய்ச்சி? எல்லாம் கண்டுபிடிச்சாச்சே.

கணிதத்தில் நிறுவல்தான் எல்லாம். ஆயிரம் உதாரணம் சரியாக வந்தாலும் நிறுவல் இல்லாவிட்டால் அது ஊகம் மட்டுமே. 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா எழுதிவைத்த ஒரு கூற்றை ஆண்ட்ரூ வைல்ஸ் 1994இல்தான் முழுமையாக நிறுவினார். மூன்றரை நூற்றாண்டு. எதற்கும் உதவாது என்று நெடுங்காலம் நினைக்கப்பட்ட எண் கோட்பாடுதான் இப்போது உங்கள் கைப்பேசியில் வங்கிக் கணக்கின் இரகசியத்தைக் காக்கிறது.

வரலாறு எழுதுறவங்க அந்தக் காலத்தில இருக்கல்லையே. அப்ப எப்படி நம்புறது?

நல்ல சந்தேகம். ஒரு நீதவான் சம்பவ இடத்தில் இருந்ததில்லை, ஆனாலும் சாட்சிகளை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார். வரலாற்று ஆய்வும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பற் தலைவர் 1602இல் மட்டக்களப்பில் இறங்கினார். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இவை ஒன்றோடொன்று பொருந்தும் பல பதிவுகளில் நிற்கின்றன, அதனால் உறுதியாகச் சொல்லலாம்.

ஆனால் அந்தப் பதிவுகளை எழுதியவர்கள் வரியையும் வணிகத்தையும்தான் பார்த்தார்கள். வயலில் நின்றவர் என்ன நினைத்தார் என்பது அவற்றில் இல்லை. அதற்கு நம் பக்கத்துச் சான்றுகள் வேண்டும். நம் ஊரில் கோயில் உரிமைகளையும் குடிமுறைகளையும் சொல்லும் ஏட்டுப் பாடல்களைக்கூடக் "கல்வெட்டு" என்றுதான் சொல்வோம். கல்லில் வெட்டியது என்று நினைத்துத் தேடிப் போய் ஏமாந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அப்படியான ஏட்டை அப்படியே உண்மை என்று எடுக்கவும் கூடாது, கட்டுக்கதை என்று தள்ளவும் கூடாது. யார், எப்போது, எந்த உரிமையைக் காக்க எழுதினார் என்று கேட்க வேண்டும். ஒல்லாந்தர் பதிவையும் அதே கேள்வியோடுதான் வாசிக்க வேண்டும்.

பன்னிரண்டு பேரோட கதைச்சுப்போட்டு ஆராய்ச்சி எண்டு சொல்ல ஏலுமா? குறைஞ்சது இருநூறு பேர் வேணாமா?

என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1998இல் லான்செட் என்ற பெயர்போன மருத்துவச் சஞ்சிகையில் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து ஒரு கட்டுரை வந்தது. அது தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் தொடர்புபடுத்தியது. உலகம் முழுக்கப் பெற்றோர் பயந்தார்கள். பிறகு இலட்சக்கணக்கான பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு இல்லை. கட்டுரையில் நேர்மையீனமும் இருந்தது வெளிவந்து, 2010இல் அதை மீளப் பெற்றார்கள். "இதனால் அது வருகிறது" என்று சொல்ல, அதுவும் ஊர் முழுக்கப் பொருந்தும் என்று சொல்ல, பன்னிரண்டு பேர் எந்த வகையிலும் போதாது.

இன்னொரு பக்கம், குளுத்தி நாளில் வயதான பெண்கள் கண்ணகியை எப்படி உணர்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி என்றால், பன்னிரண்டு பேரோடு திரும்பத் திரும்ப, மணிக்கணக்காக இருந்து கதைத்தது பெரிய வேலை. அதையே இருநூறு பேருக்கு வினாக்கொத்துக் கொடுத்து "1. மிக உடன்படுகிறேன்" என்று கோடு போட வைத்தால் ஒன்றும் கிடைக்காது. எண்ணுகிற ஆய்வு எத்தனை பேர் என்று சொல்லும். கதைக்கிற ஆய்வு என்ன அர்த்தம் என்று சொல்லும். பன்னிரண்டு பேரோடு கதைத்துவிட்டு "60 வீதமான பெண்கள்" என்று எழுதுவதுதான் பிழை. ஆய்வேடுகளில் நான் அடிக்கடி காணும் பிழையும் அதுதான்.

எங்கட வாவி, எங்கட வயல். எங்களுக்குத் தெரியாததையா இவங்க வந்து கண்டுபிடிக்கப் போறாங்க?

ஒரு மீன்கார ஐயா கேட்டது. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதற்கு அம்பாறையிலிருந்தே ஒரு பதில் சொல்லலாம். கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்களில் தண்ணீர் கடைசி வயல் வரை போகாமல் நெடுநாள் பிரச்சினை இருந்தது. 1981இல் கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து பட்டதாரி இளைஞர்களைக் கிராமங்களில் தங்கவிட்டன. அவர்கள் வகுப்பெடுக்கப் போகவில்லை. விவசாயிகளோடு இருந்து, அவர்களே கூடிப் பேசித் தீர்மானிக்க உதவினார்கள். விவசாயிகள் வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள், முறை வைத்துத் தண்ணீர் பகிர்ந்தார்கள். குளத்தில் நீர் குறைந்த சிறுபோகத்திலும் தலைவாய்க்காலில் இருந்த சிங்கள விவசாயிகள் கடைவாய்க்காலில் இருந்த தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீர் விட்ட சம்பவங்கள் பதிவாகியுள்ளன. ஆட்களோடு சேர்ந்து ஒன்றை மாற்றிப் பார்த்து, அதிலிருந்து கற்கிற இந்த முறைக்குச் செயல்வழி ஆய்வு என்று பெயர். சீலாமுனையில் ஊராரோடு சேர்ந்து நடந்த கூத்து மீளுருவாக்கமும் இந்த வகைதான்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத சில விஷயங்களும் இருக்கின்றன, ஐயா. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிணறுகள் உப்பாகின. சுத்தமாகட்டும் என்று இறைத்து இறைத்து ஊற்றினோம். நம் மணற்பாங்கான கரையோரத்தில் நன்னீர் உவர்நீருக்கு மேல் ஒரு வில்லைபோல மிதந்து கிடக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடிநீர் அறிவியலில் பழைய கணக்கு. மேலே அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உவர்நீர் ஏறிவரும். கிணறுகளைத் தொடர்ந்து அளந்தவர்கள்தான் இதை எச்சரித்தார்கள். பெருமளவு உப்பை மழைதான் கழுவியது. உங்கள் அனுபவமும் அவர்களின் அளவையும் சேர வேண்டிய இடம் இது.

ஒரு நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்க வைத்தியர் போதாதா? ஏன் எல்லாத் துறைக்காரரும் வாறாங்க?

காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயை எடுங்கள். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனிக்கப்பட்டது, அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டி போன்ற இடங்களிலும் இருக்கிறது. நோயைக் கண்டுபிடிப்பவர் வைத்தியர். எந்தக் கிராமத்தில், எந்த வயதில் அதிகம் என்று எண்ணுபவர் தொற்றுநோயியலாளர். கிணற்று நீரின் வன்மையையும் புளோரைட்டையும் அளப்பவர் இரசாயனவியலாளர். வெயிலில் எவ்வளவு நேரம் வேலை, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்ப்பவர் மானிடவியலாளர். ஒற்றைக் காரணம் என்று இன்னும் அறுதியிட்டுச் சொல்லப்படவில்லை. பாடும் மீன் பதிலில் சொன்னதுதான் இங்கேயும்: ஒரு பெயருக்குள் பல கேள்விகள். இங்கே மட்டும் ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் உயிர் இருக்கிறது.

வெளிநாட்டுக்காரர் வந்து எங்கட கதைய எழுதிட்டுப் போறாங்க. அது சரியா?

எப்படி வருகிறார்கள் என்பதில் இருக்கிறது. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கினார். தாய்வழிக் குடிமுறை தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் எப்படி இருக்கிறது என்று ஆராய்ந்தார். திரும்பத் திரும்ப வந்து, 2008இல்தான் அந்தப் பெரிய நூலை வெளியிட்டார். ஏறத்தாழ நாற்பது வருட உறவு அது. இன்னொரு விதமும் உண்டு. ஆழிப்பேரலைக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு தாயிடம் ஒரே மாதத்தில் மூன்று குழு வந்து அதே கேள்விகளைக் கேட்டது. ஒருவரும் பதிலோடு திரும்பி வரவில்லை. அவர் அழுததை நான் பார்த்தேன்.

அதனால் உங்கள் வீட்டுக்கு ஆய்வாளர் வந்தால், அவர் உள்ளூரோ வெளியூரோ, ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். "வேணாம்" என்று நடுவில் நிறுத்தலாமா என்று கேளுங்கள். முடிவை எங்களுக்கு எப்படிச் சொல்வீர்கள் என்றும் கேளுங்கள். இவை உங்கள் உரிமை.

ஒரு வருசம் செஞ்சும் ஒண்டும் வரல்லையெண்டா? மாக்ஸ் போயிருமா?

ஒழுங்காகச் செய்து "தொடர்பு இல்லை" என்று வந்தால் அதுவே முடிவு. புதிய பசளை விளைச்சலைக் கூட்டவில்லை என்று தெரிந்தால் ஒரு விவசாயியின் காசு மிஞ்சும். "ஏதாவது வர வேண்டும்" என்ற ஆசைதான் ஆபத்து. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது பத்தில் நான்குக்கும் குறைவானவையே முன்னர் வந்த முடிவைத் தந்தன. அந்த உண்மையை அந்தத் துறை தானே தேடி வெளியிட்டது, அதற்காக எனக்கு அதன்மேல் மரியாதை கூடியது.

தமிழில எழுதினா மதிப்புக் குறைவா?

வாவியின் நைத்திரேற்று அளவை உலகத்தில் உள்ளவர்கள் ஒப்பிட வேண்டும் என்றால் ஆங்கிலத்தில் எழுதுங்கள். வடமோடிக் கூத்தின் தாளக்கட்டைப் பற்றி எழுதினால் தமிழில் எழுதுங்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வாசித்து "இது பிழை மகன்" என்று சொல்ல முடிய வேண்டும். இரண்டையும் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. குறைந்தது, ஆங்கில ஆய்வேட்டுக்கு நாலு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதி ஊர் நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள்.

"உங்கள் கட்டுரையை மூன்று நாளில் பிரசுரிக்கிறோம், 150 டொலர் அனுப்புங்க" எண்டு மெயில் வந்திருக்கு. அனுப்பவா?

அனுப்ப வேண்டாம். உண்மையான சஞ்சிகையில் துறை தெரிந்த இரண்டு மூன்று பேர் வாசித்துக் குறை சொல்ல மாதக்கணக்காகும். மேற்பார்வையாளரிடம் முதலில் காட்டுங்கள்.

ஏஐயிட்டக் கேட்டு எழுதலாமா?

சொல்லைத் திருத்த, கணினி நிரலில் பிழை பார்க்க உதவும். உங்கள் பீடத்தின் விதி என்ன என்று முதலில் கேளுங்கள். ஆனால் இல்லாத நூலின் பெயரை இருப்பதுபோல் எழுதித் தரும். அப்படி ஒரு பட்டியலோடு வந்த பிள்ளைக்காக அரை நாள் தேடினேன், ஐந்தில் மூன்று நூல்கள் உலகத்திலேயே இல்லை. கிணற்றில் உப்பை அளப்பதையும் திண்ணையில் இருந்து கேட்பதையும் அது உங்களுக்காகச் செய்யாது.

எனக்குத் தலைப்பே கிடைக்குதில்ல. எல்லாரும் பெரிசு பெரிசா எடுக்கிறாங்க. என்ன செய்ய?

"மட்டக்களப்பு மக்களின் பண்பாடு" என்று எடுத்து வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். அது தலைப்பல்ல, ஒரு மாகாணம். உங்கள் வீட்டில் யாரும் சரியாகப் பதில் சொல்லாத ஒரு சின்னக் கேள்வியைத் தேடுங்கள். அதை "எப்படி", "ஏன்", "எவ்வளவு" என்ற சொல்லோடு ஒரே வசனத்தில் எழுதுங்கள். எந்தச் சொல் வருகிறது என்று பாருங்கள். "எவ்வளவு" என்றால் அளக்கப் போகிறீர்கள். "எப்படி" என்றால் கூட இருந்து பார்க்கப் போகிறீர்கள். "ஏன்" என்றால் பன்னிரண்டு பேர் கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு தடவை வாசியுங்கள்.

போன வருடம் ஒரு பிள்ளை தலைப்பில்லாமல் வந்தாள். கதைத்துக்கொண்டிருக்கும்போது, தன் அம்மம்மா நெல்லை மரைக்கால் என்ற அளவைப் பாத்திரத்தில் அளக்கும்போது முதல் எண்ணை "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று சொல்வார் என்றாள். எந்தெந்த ஊரில் அப்படிச் சொல்கிறார்கள், அடுத்த எண்களுக்கு என்ன சொல்கிறார்கள், ஆலை வந்த பிறகு எங்கே அது நின்றது என்று இப்போது கொப்பியோடு ஊர் ஊராகப் போகிறாள். அம்மம்மாவுக்குத்தான் முதல் நேர்காணல்.